கவ்பாய் திரவியமும் தையற்கடைக் கோசலையும்

பாரிசில் ரூ காய் என்ற நம்மவர் தெருவில், பிளவுஸ் தைக்கிற கடைக்குப் போனால் துணியைக் கொடுத்து, அளவைக் கொடுத்து, எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வெளியே வருவதுதான் வழக்கம். கோசலையின் கடைக்குப் போனவர்கள் மட்டும் வெளியே வரமாட்டார்கள். இரண்டு தையல் மெசின், ஒரு இஸ்திரி மேசை, ஆளுயரக் கண்ணாடி, இவ்வளவுக்கும் மட்டுமட்டாக இடமுள்ள கடை அது. பின்னேரமானால் அதற்குள்ளே பத்துப் பெண்களாவது நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். ஒருத்தி மடியில் கருவேப்பிலைப் பையோடு இருப்பாள். இன்னொருத்தி மெத்ரோ ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போடுவாள். எல்லாரும் காத்திருந்தது திரவியத்துக்காக.

திரவியம் ஒரு கவ்பாய். அமெரிக்காவில் மொன்தானா என்ற இடத்தில், ஒரே தெருவுள்ள சின்ன ஊரில், தொப்பியும் குதிரையும் நிறைய மாடுகளுமாக இருப்பவன். அவனுடைய உண்மையான பெயர் ட்ராவிஸ். கோசலையோடு சேர்ந்து வேலை செய்யும் புனிதவதிக்கு, பிளவுஸுக்குக் கொழுக்கி வைக்கிற விரல்கள் எவ்வளவு சுறுசுறுப்போ அவ்வளவு சோம்பல் நாக்கு. முதல் நாளே ட்ராவிஸைத் திரவியமாக்கிவிட்டாள். அதன்பிறகு அவன் திரவியம்தான்.

கதைகள் வந்த வழி சுசான். பாண்டிச்சேரிக்காரி, தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற சேலைக்குப் பிளவுஸ் தைக்க வந்தவர். கைப்பையில் எப்போதும் ஒரு பிரெஞ்சு நாவல் இருக்கும். அட்டையில் சட்டைப் பொத்தான் போடாத ஆண்பிள்ளை ஒருவன் வேலியில் சாய்ந்துகொண்டு நிற்பான். "படிச்சிப் பாரேன் கோசலை. ரெத்ரெத் வாங்கினப்புறம் எனக்கு இதான்மா பொழுதுபோக்கு," என்று ஒருநாள் ஒன்றைக் கொடுத்தார். கோசலை வீட்டுக்குப் போகிற ரயிலில், சேன் லசார் நிலையத்தில் திறந்த புத்தகத்தை, வீடு இருக்கிற ஆர்ஜொந்தெய் தாண்டியும் மூடவில்லை. இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஒன்றைப் படித்தால் எல்லாம் படித்த மாதிரி என்று யாராவது சொல்லட்டும், அது உண்மைதான். எல்லாக் கதையிலும் ஒருவன் ஊரைவிட்டுப் போவான். பல வருடம் கழித்துத் திரும்பி வருவான். அவள் அதே ஊரில் பாணும் கேக்கும் சுட்டு விற்கிற ஒரு வெதுப்பகம் வைத்திருப்பாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்புவாள். நல்ல மழையாகப் பார்த்து இரண்டு பேரும் மாட்டுக் கொட்டிலில் அகப்படுவார்கள். கடைசி அத்தியாயத்தில், ஊர் முழுக்கக் கூடி நிற்கிற இடத்தில், விட்ட பிழையை அவன் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்பான். முடிவு தெரிந்தும் அழுகை வரும். கோசலைக்கு எல்லாரையும்விடக் கூடுதலாக வந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

படித்ததை அவள் மெசினை மிதித்தபடி மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். முத்தக் காட்சி வந்தால், "பேந்து ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சினம்," என்று தாண்டிவிடுவாள். "அந்தப் பக்கத்துல டீயே இல்லையேம்மா," என்று சுசான் மட்டும் முணுமுணுப்பார். வரமுடியாதவர்களுக்காகப் புனிதவதி தன் போனில் கதையைப் பதிந்து ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டாள். அது கந்தோர் கூட்டுகிறவர்கள், உணவகக் குசினியில் நிற்கிறவர்கள் என்று பரவி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது புனிதவதிக்கே தெரியாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

சிக்கல் எமிலியால் வந்தது. எமிலி என்பது திரவியத்தின் காதலி. முதல் தரம் அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று புத்தகத்தில் ஒரு காரணம் இருந்தது. அவனுக்கு ஊர் அலுத்துப்போய்விட்டதாம். கடையில் ஒருத்திக்கும் அது பிடிபடவில்லை.

"உதென்ன காரணம்? எமிலிக்கு அண்ணன் தம்பி ஒருத்தரும் இல்லையோ? கேட்பார் பார்ப்பார் இல்லாத பெட்டையோ?" என்றாள் புனிதவதி.

கோசலை ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "இருக்கிறார். ஒரு அண்ணை இருக்கிறார். அவர்தான் மறுத்தவர்," என்றாள்.

அப்பாடா என்று கதிரைகளில் எல்லாரும் வசதியாகச் சாய்ந்தார்கள். இப்போதுதான் கதை கதை மாதிரி இருந்தது. சுசான் மட்டும் கண்ணாடிக்கு மேலாகக் கோசலையைப் பார்த்தார். மொன்தானாவில் அப்படி ஒரு அண்ணன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அண்ணன் இருந்தது ரூ காயில்தான். நாலு கடை தள்ளி, பலசரக்குக் கடையில், வரதராசா என்ற பெயரில்.

நம்மவர்களுக்கு ஒரு பேச்சு உண்டு. பிள்ளை கணக்கில் குறைந்த புள்ளி எடுத்தால், "மாடு மேய்க்கத்தான் போகப்போறாய்," என்போம். மாட்டைப் பால்பெட்டிப் படத்தில் மட்டும் கண்ட, பாரிசில் பிறந்த பிள்ளைக்கும் இதையே சொல்வோம். அதைவிடக் கீழே ஒரு வேலை இல்லை என்பது நம் முடிவு. பாலும் தயிரும் நெய்யும் மட்டும் வேண்டும். இந்தப் பேச்சால் கெட்ட காரியங்களில் கோசலையின் காதலும் ஒன்று.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த லவன், அவளைக் கண்டால் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவருவான். இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் நடந்து திரிந்தார்கள். அவனுக்குப் பாரிஸ் மூச்சு முட்டியது. நோர்மண்டியில் லிசியே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால்பண்ணையில் வேலை கிடைத்தபோது, வேலை கிடைத்ததைவிட மாடு கிடைத்ததற்குத்தான் துள்ளிக் குதித்தான். பெண் கேட்க அவனுக்குப் பெரியவர்கள் ஒருவரும் இங்கே இல்லை. ஒரு சனிக்கிழமை தானே வந்தான். பழத்தட்டோடு, பண்ணையில் எடுத்த பாலாடை ஒரு போத்தலும் கொண்டுவந்தான்.

சனிக்கிழமை வரதராசாவின் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அவ்வளவு சனத்துக்கும் முன்னால் வரதராசா சத்தம் போட்டார். "மாடு மேய்க்கிறவனுக்கோ என்ர தங்கச்சி?" லவன் அவரைப் பார்க்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்ற கோசலையைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நம்பி நின்றான். அவளும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் மாடு மேய்க்கவோ பிரான்சுக்கு வந்தனான்?"

கடை முழுக்கச் சிரித்தது. அவன் பாலாடைப் போத்தலை அரிசி மூட்டைக்கு மேல் வைத்துவிட்டுப் போனான். அண்ணனுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்காக நான் வாதாடலாம். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. பிறகு அண்ணன் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டினாள். கழுத்துப்பட்டி கட்டிக் கந்தோருக்குப் போகிற மாப்பிள்ளை. பிள்ளையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருநாள் கழுத்துப்பட்டிகளை எல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு லண்டனுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டான். கோசலை அழவில்லை. விவாகரத்து முடிந்ததும் இரண்டாவது மெசினை வாங்கிப் போட்டு, கடைக்குத் தன் பெயரை வைத்தாள். ஆனால் காலையும் மாலையும் சேன் லசாரில் நிற்கும்போது, நோர்மண்டி ரயில்களின் பலகையை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

குழுவில் ஒருநாள் ஒரு குரல் வந்தது. புனிதவதி போனைச் சத்தமாக வைத்தாள்.

"கதை நல்லாப் போகுது. ஒண்டு மட்டும் விளங்கேல்லை. உந்தக் கவ்பாய் ஏன் ஒருநாளும் சாணி அள்ளுறேல்லை? விடிய எழும்பினால் அதைத்தானே முதல்ல செய்யவேணும்?"

பின்னால் ஒரு மாடு கத்தியது. கடை கொல்லென்று சிரித்தது. கோசலையின் கை நின்றுவிட்டது. கால் நிற்கவில்லை. ஸ்டெஃபானி என்கிற கலியாணப் பெண்ணின் பிளவுஸில், கழுத்து வளைவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோணல் கோடு போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரலைத் தெரியவில்லை என்று அவள் யாருக்குச் சொல்ல முடியும்?

மறுநாள் திரவியம் அத்தியாயம் முழுக்கச் சாணி அள்ளினான். "என்னணை, கதையை நாறடிக்கிறியள்!" என்று பெண்கள் மூக்கைப் பிடித்தார்கள். குழுவில் அந்தக் குரல், "இப்ப சரி," என்றது. அதன்பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் வரும். பசு கன்று போடும்போது கவ்பாய் சட்டையைக் கழற்றுவது உடம்பைக் காட்ட இல்லையாம், தோள்வரை கையை உள்ளே விடவேண்டுமாம். மழைக்குள் கொட்டிலில் அகப்பட்டால் முதலில் வருவது காதல் இல்லையாம், தும்மலாம். பண்ணைக்காரக் கிழவர் தன்னை நம்பிப் பண்ணையை விட்டுவிட்டு ஓய்ந்துவிட்டார் என்றும், நாற்பது பசுவும் தானுமாக இருக்கிறேன் என்றும் அந்தக் குரல் ஒருநாள் சொன்னது. "எமிலி மாதிரி ஆக்கள் உங்கை மொன்தானாவிலைதான் போல. இந்தப் பக்கம் ஒருத்தரும் வரேல்லை."

கோசலைக்கு இரவில் நித்திரை போனது, பகலில் பசி போனது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, இந்த வயதில் உனக்கு என்ன விசரா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பொட்டைச் சரிசெய்தாள். அவன் தன்னைத் தெரிந்துதான் பேசுகிறான் என்பதில் சந்தேகம் இல்லை. மன்னித்துவிட்டுப் பேசுகிறானா, சும்மா விளையாடுகிறானா? அதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. தெரிந்துகொள்ள அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. கதை.

ஒரு வெள்ளிக்கிழமை, எமிலியும் திரவியமும் பிரிந்த நாளைச் சொன்னாள். திரவியம் பாலாடைப் போத்தலோடு வந்தான். அண்ணன்காரன் சனத்துக்கு முன்னால் கத்தினான். எமிலி, "நான் மாடு மேய்க்கவோ இந்த ஊரிலை பிறந்தனான்?" என்று கேட்டாள். கதையில் எல்லாரும் சிரித்தார்கள். கடையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அதோடு லவனின் குரல் நின்றுபோனது. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆறின புண்ணை நானே கிளறிவிட்டேன் என்று கோசலை தலையில் அடித்துக்கொண்டாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளவுஸ்கள் தேங்கின.

திங்கட்கிழமை வந்தது வேறொரு குரல். நேரிலேயே வந்தது. பெண்கள் நிறைந்த கடைக்குள் வரதராசா மூச்சு வாங்க நுழைந்தார். காதில் வயர் தொங்கியது. சரக்கு அனுப்புகிறவர்களோடு வியாபாரம் பேசுகிறார் என்று ரூ காய் முழுக்க நம்பிக்கொண்டிருந்த அந்த வயரில், மாதக்கணக்காக அவர் கேட்டுக்கொண்டிருந்தது திரவியத்தின் கதை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

"உந்த அண்ணன்காரன் ஆர் பிள்ளை? அறிவில்லாதவன்! அந்தப் பெடியன் எவ்வளவு பாடுபடுறான், மாட்டைப் பிள்ளை மாதிரிப் பாக்கிறான். அவனைப் போய் உப்பிடிச் சொல்லலாமோ? அவன்ர முகத்தை நினைச்சு எனக்கு ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை. உவனைக் கதையை விட்டுத் தூக்கு!"

ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். கோசலை சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அது நீங்கள்தான் அண்ணை."

வரதராசா முதலில் விளங்காமல் நின்றார். பிறகு விளங்கிற்று. அறுபது வயது மனிதர், ரூ காயில் யாருக்கும் பதில் சொல்லிப் பழகாதவர், இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் இருந்தார். புனிதவதி தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"பாலாடைப் போத்தல்," என்றார். "ஓம். அரிசி மூட்டைக்கு மேலை வைச்சிட்டுப் போனவன்." தண்ணீரை மேசையில் வைத்தார். "நான் சொன்னது பிழை. இந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லுறன், பிழைதான். ஆனால் கோசலை, நீயும் ஒரு சொல் சொன்னனி."

"ஓம் அண்ணை."

"அதை ஆர் திருப்பி எடுக்கிறது?"

அவர் எழும்பிப் போய்விட்டார். அந்தக் கேள்வி கடையிலேயே இருந்தது. தனியாக ஒரு தகவல் அனுப்பி மன்னிப்புக் கேட்கலாம்தான். அது கோசலைக்குச் சரியாகப் படவில்லை. சனத்துக்கு முன்னால் சிரிக்கவைத்தவள் சனத்துக்கு முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். அந்த நாவல்களில் எத்தனையோ பொய் இருந்தாலும் கடைசி அத்தியாயத்துச் சட்டம் மட்டும் நியாயமானது. ரூ காய் இருக்கிற லா ஷாப்பெலும் ஒரு சின்ன ஊர்தான். இங்கே காலையில் தும்மினால் மத்தியானத்துக்குள் ஆர்ஜொந்தெயில் மருந்து சொல்வார்கள்.

மறுநாள் கடைசி அத்தியாயம் என்று சொல்லியிருந்தாள். கடை கொள்ளாமல் கூட்டம் நடைபாதைவரை நின்றது. கோசலை மெசினில் இருக்கவில்லை. எழும்பி நின்று கதை சொன்னாள். எமிலி வெதுப்பகத்தைப் பூட்டிவிட்டு, ஊர் கூடியிருந்த சந்தைக்கு நடந்து போகிறாள், திரவியத்தைத் தேடி.

சுசானுக்குப் பொறுக்கவில்லை. "புக்ல இப்படி இல்லையே கோசலை. அவன்தானே வந்து கெஞ்சுவான்?"

"பிழை விட்டவைதானே அன்ரி கெஞ்சவேணும். இந்தக் கதையிலை பிழை விட்டது எமிலி."

சுசான் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "அப்படின்னா சரி. சொல்லு," என்றார். அவர் எல்லாம் விளங்கிக்கொண்டார் என்று கோசலைக்குத் தெரிந்தது. அது அவளுக்குத் தைரியம் கொடுத்தது. புனிதவதியின் போனை வாங்கித் தன் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"இனிச் சொல்லுறது கதை இல்லை. நான் கோசலை. வரதராசாவின்ர தங்கச்சி, ரூ காயிலை பிளவுஸ் தைக்கிறவள். லவன், நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறியளோ தெரியாது. அண்டைக்கு அண்ணையின்ர கடையிலை, உங்களைச் சனத்துக்கு முன்னாலை வைச்சு, நான் மாடு மேய்க்கவோ பிரான்சுக்கு வந்தனான் எண்டு கேட்டனான். அதைவிடக் கேவலமாய் நான் ஒருநாளும் கதைச்சதில்லை. இப்ப அதே சனத்துக்கு முன்னாலை சொல்லுறன். நீங்கள் ஓம் எண்டால், நான் மாடு மேய்க்க வாறன்."

விரலை எடுத்தாள். தகவல் போய்விட்டது. இனிப் பிடித்து இழுக்க முடியாது. அவளுக்கு வெட்கம் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சுமந்ததை இறக்கிய சுகம்தான் வந்தது.

ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. பதில் வரவில்லை. "இது பால் கறக்கிற நேரம். கை ரெண்டும் வேலையாய் இருக்கும்," என்றாள் கோசலை, யாரும் கேட்காமலே. மெத்ரோவுக்கு நேரமானவர்கள் மெத்ரோவை விட்டார்கள். வரதராசா தன் கடையை யாரிடமோ விட்டுவிட்டு, ஒரு பெட்டி வடையோடு வந்து வாசலில் நின்றார். வடை முடிந்தது. பதில் வரவில்லை.

வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது போன் அதிர்ந்தது. புனிதவதி பதறி அழுத்தினாள். முதலில் ஒரு மாடு கத்தியது. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு குரல்.

"கோசலை." குழுவில் அவன் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல்தரம். "உமக்குக் கால் எத்தினையாம் நம்பர்? றப்பர் சப்பாத்து வாங்கவேணும். இஞ்சை ஒரே சேறு."

கடை அதிர்ந்த அதிர்வில் ஊசிப்பெட்டி கவிழ்ந்தது. சுசான் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். புனிதவதி அளவு நாடாவோடு தரையில் குந்தி, கோசலையின் காலைப் பிடித்து இழுத்தாள். "காட்டுங்கோ அக்கா, சரியாய்ச் சொல்லவேணும். சாணி அள்ளி முடிச்சாப் பிறகு ரெண்டு பேரும் ஆறுதலாய்த் தேத்தண்ணி குடிக்கலாம்!" என்றாள். கோசலை சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரேயடியாகச் செய்தாள். சந்தோசம் என்றால் இதுதான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. போனை வாங்கினாள்.

"முப்பத்தேழு. ஆனால் தடிச்ச மேசு போடுவன், குளிர்தானே. முப்பத்தெட்டாய் வாங்குங்கோ. சனிக்கிழமை வாறன்."

வாசலில் நின்ற வரதராசாவிடம், எதிரிலுள்ள சாறிக்கடைக்காரர் என்ன கூட்டம், என்ன சத்தம் என்று தெருவைத் தாண்டிக் கேட்டார். வரதராசா வேட்டியை மடித்துக் கட்டுகிறவர் போலக் காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதையில் இறங்கினார். பலசரக்குக் கடைச் சனமும், உணவகத்து வாசலில் நின்றவர்களும், ரூ காயின் அந்தலைவரை எல்லாரும் கேட்கும்படி கத்தினார்.

"என்ர தங்கச்சி மாடு மேய்க்கப் போறாள்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சாறிக்கடைக்காரர், "எப்ப அண்ணை, நாங்களும் வரலாமோ?" என்று கேட்டார்.